நாலு புள்ளி எங்கே, டீச்சர்?

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். காலை வழிபாடு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் பின்னாலேயே ஆசிரியர் அறை வரை வந்தாள். கையில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். உள்ளே மக்காச்சோளக் குருத்தின் துண்டு ஒன்றும், அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு புழுவும்.

“டீச்சர், அப்பா இதைக் காட்டிக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. படைப்புழுவா இது?”

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கமெல்லாம் புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைப்பவர்கள் அதிகம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து குருத்தில் எந்தப் புழுவைக் கண்டாலும் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். என் வாயிலும் அதுவே வந்தது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எனக்கு வயது 46. பக்கத்துப் பார்வைக் கண்ணாடி மேசை டிராயருக்குள் இருந்தது. முதல் பாடவேளைக்கு மணியும் அடித்துவிட்டது. “ஆமாம்மா, படைப்புழுதான். அப்பாகிட்டச் சொல்லிடு” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னதை நம்பி அவளுடைய அப்பா அன்று மாலையே மருந்து வாங்கி, காட்டில் பாதியளவு அடித்தும் விட்டார். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்த உதவி வேளாண்மை அலுவலர் காய்ந்திருந்த ஒரு நடுக்குருத்தைப் பிடித்து இழுக்க, அது கையோடு வந்துவிட்டது. தண்டைப் பிளந்து உள்ளே இருந்த புழுவைக் காட்டினாராம். அது தண்டுத் துளைப்பான். இலைகளில் ஓட்டைகள் வரிசையாக, ஊசியால் குத்தியதுபோல இருப்பதையும் காட்டிவிட்டு, “படைப்புழுன்னு யார் சொன்னது?” என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் அவள் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். படைப்புழுவின் தலையில் வெள்ளையாகத் தலைகீழ் ‘ஒய்’ எழுத்து, வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அலுவலர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். பிறகு கேட்டாள்: “அன்னைக்கு நாலு புள்ளி எங்க இருந்துச்சு டீச்சர்? நீங்க எப்படிப் பார்த்தீங்க?”

நான் பார்க்கவே இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மருந்துப் பாட்டிலைத் திறந்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒளியியல் நடத்துகிறேன். குவியத் தொலைவு, உருப்பெருக்கம், விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு எல்லாம் கரும்பலகையில் சுத்தமாக இருக்கும். நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்கே ஒரு லென்ஸ் தேவைப்பட்ட இடத்தில் அதை எடுக்காமல் விட்டேனே என்பதுதான் உறுத்தியது.

அந்தச் சனிக்கிழமை மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் புகைப்படம் எடுக்க திண்டுக்கல் நகரத்துக்குப் போனோம். ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில் ஃபிலிம் காலத்து கேமராக்களும் லென்ஸ்களும் காட்சிக்கு இருந்தன. கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளைத் தாளில் படம் கழுவியவர். புழுக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே 50 மி.மீ. நிக்கார் லென்ஸ் ஒன்றை எடுத்தார். தன் கேமராவிலிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு, இதைப் பின்பக்கம் முன்னால் வருமாறு திருப்பி, கையாலேயே கேமரா வாயில் ஒட்டிப் பிடித்தார்.

“கல்யாணத்துல மோதிரம், தாலி எல்லாம் கிட்டத்துல எடுக்கணும்னா நாங்க இப்படித்தான் டீச்சரம்மா. இதுக்குன்னு மேக்ரோ லென்ஸ் வாங்க அப்ப யாருகிட்டக் காசு இருந்துச்சு?”

மேசையில் கிடந்த பத்து ரூபாய் நாணயத்தின் ஓரத்தைத் திரையில் காட்டினார். நாணயம் அல்ல, நாணயத்தின் விளிம்பில் ஓடிய கோடுகள் மட்டும் திரை முழுக்க நின்றன. 800 ரூபாய்க்கு அந்த லென்ஸைக் கொடுத்தார். வாங்குமுன் அதைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பழைய லென்ஸ்களுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஓரத்தில் லேசாக இருந்தால் பரவாயில்லை, நடுவில் இருந்தால் வேண்டாம் என்றார். பூஞ்சையைப் போக்க லென்ஸை வெயிலில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டு மேசை விரிப்பில் இப்போது ஒரு பொட்டு ஓட்டை இருக்கிறது.

கேமரா உடல் என் தம்பி மகனுடையது. அவன் புதிது வாங்கியதும் பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. லென்ஸின் முன்புற மரையில் திருகி, மறுபக்கத்தைக் கேமராவில் பூட்டும் ‘ரிவர்ஸ் ரிங்’ ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு: கேமராவின் நிறுவனம், லென்ஸின் முன்புற மரையின் விட்டம். என் லென்ஸுக்கு அது 52 மி.மீ. சோவியத் காலத்து ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் அதன் மரையின் விட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்படி ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் கூட்டி வேலை செய்வது புதிதும் அல்ல, மட்டமும் அல்ல. நம் மாநிலத்தின் பெரிய இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) அப்படித்தான் படமெடுத்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் வேறொரு நிறுவனத்தின் லென்ஸையும் உதிரிகளையும் தானே பொருத்தி, அந்தக் கதம்பத்துக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டுதான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவரும் அவரே. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், “அப்ப நம்மளுதுக்கும் பேரு வைக்கணும் டீச்சர்” என்றான். அன்று முதல் எங்கள் கருவியின் பெயர் ‘பூதக்கண்ணன்’.

லென்ஸை ஏன் திருப்ப வேண்டும்? மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாதாரண லென்ஸ், தொலைவில் உள்ள பெரிய பொருளை அருகில் உள்ள சிறிய ஃபிலிமில் சுருக்கி விழச் செய்ய வடிவமைக்கப்பட்டது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: அருகில் உள்ள சிறிய பொருள் பெரிதாக விழ வேண்டும். அதனால் லென்ஸையும் எதிராகத் திருப்புகிறோம். கருவி எதுவும் இல்லாமலே இதைக் காட்டலாம். பைனாகுலரின் தவறான பக்கத்தில் பார்த்தால் பள்ளி மைதானம் தீப்பெட்டியளவாகத் தெரியும். அதே நிலையில், கண் வைக்கும் துளையை உள்ளங்கைக்கு மிக அருகில் கொண்டுபோனால் ரேகைகள் பெருகித் தெரியும்.

பழைய லென்ஸ்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் ஒளித்துளையைக் கேமராதான் மின்சாரத்தால் சுருக்கி விரிக்கிறது. திருப்பி மாட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பழைய லென்ஸில் துளையை நாமே விரலால் திருகும் வளையம் இருக்கிறது. எஃப் 8இல் வைத்தால் எஃப் 8இல் நிற்கும். நம் வகுப்புக்கு இது இன்னொரு வகையிலும் நல்லது. வளையத்தைத் திருகும்போது உள்ளே இதழ்கள் சுருங்குவதை மாணவர் கண்ணாலேயே பார்க்கிறார். கண்மணி சுருங்குவதைப் பாடத்தில் படிப்பதற்கும் இதற்கும் எவ்வளவோ வித்தியாசம். கேமராவை ‘எம்’ என்ற கைமுறை நிலையில் வைக்க மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் லென்ஸ் இல்லை என்று சொல்லி எங்கள் கேமரா படமெடுக்க மறுக்கும். நான் முதல் நாள் அரை மணி நேரம் இதில் இழந்தேன்.

முதல் மாதம் எடுத்த படங்களைத் திறன்பலகையில் போட்டுக் காட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. எறும்பின் ஒரு மீசை மட்டும் தெளிவாக, மீதி எறும்பு புகையாக. பொருளின் அசல் அளவிலேயே பிம்பம் விழும் நிலையில் எஃப் 8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எஃகு அளவுகோலைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்: ஒரு கோடு தெளிவாக இருக்கும், அதன் இரு பக்கமும் உள்ள கோடுகள் கரைந்துவிடும். பிறகு எஃப் 1.8, எஃப் 8, எஃப் 16 என மூன்று படங்களை வரிசையாகக் காட்டுங்கள். எஃப் 16இல் ஆழம் கூடும், ஆனால் எல்லாமே சற்று மழுங்கியிருக்கும். ஒளி மிகச் சிறிய துளையில் நுழையும்போது விளிம்புகளில் வளைந்து பரவுவதே காரணம். “கூட்டிக்கிட்டே போனா நல்லதுன்னு இல்லையா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நிலைகொண்டோம்.

அடுத்த தொல்லை வெளிச்சம். பிம்பம் பெரிதாகும்போது ஒளி பரந்து மங்குகிறது. அசல் அளவில் எடுக்கும்போது வழக்கமான ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் சென்சாருக்குக் கிடைக்கும். பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையே நான்கு செ.மீ. அளவே இடைவெளி இருப்பதால், கேமராவின் ஃபிளாஷைப் போட்டால் லென்ஸின் நிழலே புழுவின்மேல் விழும். இதற்கு விடை கண்டது ஒரு மாணவன். சாப்பாட்டுக்குப் பயன்படும் வெள்ளைத் தெர்மாகோல் தட்டின் நடுவில் ஓட்டை போட்டு லென்ஸில் காலர்போல மாட்டினான். ஃபிளாஷ் ஒளி தட்டில் பட்டுப் பரவி, மென்மையாகக் கீழே இறங்கியது. இரண்டு ரூபாய் தட்டு. புழுவின் முதுகில் கண்ணைக் கூசும் வெள்ளைத் திட்டு போய், உண்மையான நிறம் தெரிந்தது. நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டிய வேலையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதால் இங்கே பெரிய பயன் இல்லை. கேமராவைத்தான் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முக்காலி கிடையாது, மணல் நிரப்பிய துணிப்பையின்மேல் கேமராவை அழுத்தி வைத்துக்கொள்கிறோம். மூச்சை விட்டு, நிறுத்தி, அழுத்த வேண்டும். வகுப்பிலேயே சும்மா இருக்க முடியாதவன் என்று பெயர் வாங்கிய ஒரு பையன் இதில் எல்லாரையும் முந்தினான். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காற்று நம் கையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று இந்தச் சமவெளியைச் சும்மா விடாது. அந்த இரண்டு மாதமும் வெளியே போகாமல் வகுப்பறைக்குள்ளேயே துணி, விதை, மணல் என எடுக்கிறோம். கார்த்திகை, மார்கழி காலை ஆறரை முதல் ஏழரை மணி வரை பொன்னான நேரம். குளிரில் பூச்சிகள் அசையாமல் இருக்கும், பனித்துளியும் இருக்கும்.

ஆடிக் காற்றில் வெளியே நின்று நான் லென்ஸ் மாற்றியதால் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. அடுத்து எடுத்த படங்களில் இலைப்பேனின் காலருகே ஒரு கரும்புள்ளி. மாணவர்கள் அதை முட்டை என்றார்கள். நானும் ஆமோதிக்க இருந்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல்: “டீச்சர், போன படத்துலயும் அதே எடத்துல இருந்துச்சு.” எல்லாப் படங்களையும் வரிசையாக ஓட்டினோம். பூச்சி மாறுகிறது, இலை மாறுகிறது, புள்ளி மாறவில்லை. அது சென்சாரில் ஒட்டிய தூசி. காற்று ஊதும் ரப்பர் குமிழால் ஊதியதும் புள்ளி போய்விட்டது. பார்ப்பதில் எது பொருளுடையது, எது கருவியுடையது என்று பிரிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பாடநூலில் கிடைக்கவில்லை.

டிஎஸ்எல்ஆர் எல்லாப் பள்ளியிலும் கிடைக்குமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. தேவையில்லை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கும் லென்ஸோ, நகைக்கடைக்காரர்களின் 10 மடங்கு மடக்கு லென்ஸோ போதும். கைப்பேசி கேமராவின் முன்னால் அதை ஒட்டிப் பிடித்து, பொருளிலிருந்து இரண்டரை செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவாருங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அந்த இரண்டரை செ.மீ. எங்கிருந்து வந்தது என்பதே பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. தெளிவுறு காட்சியின் மீச்சிறு தொலைவு 25 செ.மீ.; அதைப் பத்தால் வகுத்தால் லென்ஸின் குவியத் தொலைவு. எதிர்ச்சுவரில் ஜன்னலின் பிம்பத்தை விழச் செய்து, அளவுகோலால் அளந்து, கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சூரியனை நோக்கி எந்த லென்ஸையும் பிடிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னது போதாது.

அளவீடு பாடத்துக்கு எங்கள் வழி இது. திருப்பிய லென்ஸில் எஃகு அளவுகோலைப் படமெடுத்தோம். படத்தின் அகலத்தில் 21 மில்லிமீட்டர் தெரிந்தது. எங்கள் சென்சாரின் அகலம் 23 மி.மீ. ஆக உருப்பெருக்கம் ஏறத்தாழ 1.1. படத்தின் அகலம் 6000 பிக்சல். 21ஐ 6000ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.0035 மி.மீ. இதற்குப் பிறகு எதையும் அளக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்று படித்தவர்கள், அதைவிடச் சிறிய எண் தங்கள் கையில் வந்ததும் நம்பவில்லை. தலைமுடியின் தடிமனை இரு வழியிலும் அளந்து ஒப்பிட்டார்கள். இரண்டும் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்ற விவாதம் இரண்டு பாடவேளை நீண்டது. தெளிவு குறைந்த விளிம்பில் எந்தப் பிக்சலில் முடி முடிகிறது என்று யார் சொல்வது?

பூச்சியைத் தொட அருவருப்பவர்களுக்குத் துணி இருக்கிறது. சின்னாளப்பட்டியில் தாத்தா தறி நெய்யும் ஒரு மாணவி, ஒரு சேலை முனையைக் கொண்டுவந்தாள். பாவும் ஊடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதும், ஜரிகையில் நூலைச் சுற்றிப் பளபளப்பான பட்டை ஓடுவதும் பலகை முழுக்க விரிந்தன. ஒரு செ.மீ.க்கு எத்தனை இழை என்று எண்ணினார்கள். அன்றுதான் லேவன்ஹூக்கை அறிமுகப்படுத்தினேன். நுண்ணுயிரிகளைக் கண்டவர் என்று நாம் சொல்லும் அந்த டச்சுக்காரர் (1632–1723) துணி வணிகர். துணிக்கடைக்காரர்கள் இழையை எண்ண லென்ஸ் வைத்திருந்த காலம் அது. அவர் பயன்படுத்தியதும் ஒற்றை லென்ஸ்தான். தானே செய்த சின்னஞ்சிறு லென்ஸ். திண்டுக்கல் பூட்டின் சாவிகளையும் எடுத்தோம். கையால் அராவிய சாவியில் அரத்தின் கோடுகள் ஒன்றுக்கொன்று கோணலாக ஓடுகின்றன; இயந்திரத்தில் வெட்டியதில் எல்லாம் இணைகோடுகள். 2019இல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை, இந்தப் படத்தின் அருகில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

முடியாததும் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து ஒரு மாணவன் இலைகளைக் கொண்டுவந்தான். மேலே வெள்ளைக் கம்பளிபோல ரோமம். எரியோஃபைட் என்னும் சிலந்திப்பேன் வேலை அது. ரோமம் அழகாக விழுந்தது; பேன் விழவில்லை. அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மி.மீ. 0.0035ஆல் வகுத்தால் 57 பிக்சல். ஆறாயிரத்தில் ஐம்பத்தேழு. எட்டு காலும் இருக்க வேண்டிய இனத்தில் இதற்கு நான்கு கால்தான் என்று சொன்னதும், அதை எண்ணியே ஆக வேண்டும் என்று நிற்கிறார்கள். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்னும் காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெருக்கும். அதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஆண்டுத் திட்டம்.

பூச்சிகளைக் குத்தி வைப்பதில்லை, குளிர்பெட்டியில் வைத்து மயக்குவதில்லை என்பதை முதல் நாளே முடிவு செய்தோம். இலையோடு கொண்டுவருவது, எடுத்ததும் கொண்டுவந்த இடத்திலேயே விடுவது. பயிரைத் தின்னும் புழுவைத் திரும்ப வயலில் விடுவதா என்று ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்டான். நியாயமான கேள்வி. அதை மட்டும் அவரவர் வீட்டு முடிவுக்கு விட்டுவிட்டோம்.

அடுத்த ஐப்பசியில் அதே மாணவி, இப்போது பத்தாம் வகுப்பில், அதே ஊறுகாய் பாட்டிலோடு வந்தாள். இந்த முறை என்னிடம் நீட்டவில்லை. நேராக ஆய்வகத்துக்குப் போய் மணல் பையை எடுத்து வைத்தாள். குருத்துக்குள் மரத்தூளை நனைத்ததுபோல எச்சம் குவிந்திருந்தது என்று சொல்லிக்கொண்டே தட்டை மாட்டினாள். புழு ஓடிக்கொண்டே இருந்ததால் பத்தொன்பது படங்கள் வீணாயின. இருபதாவதில் முதுகின் பின்பகுதி தெளிவாக விழுந்தது. திறன்பலகையில் போட்டோம். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்து எட்டாம் கண்டத்தில் விரலை வைத்தாள். நான்கு புள்ளிகள், நான்கு மூலையில். இன்னொரு படத்தில் தலை. அதில் வெள்ளை ஒய் தலைகீழாக.

அவள் அதோடு நிறுத்தவில்லை. தலையின் அகலத்தைப் பிக்சலில் எண்ணினாள்: 370. பெருக்கினால் ஏறத்தாழ 1.3 மி.மீ. படைப்புழு வழக்கமாக ஆறு பருவங்களைக் கடந்து வளரும்; முதல் பருவத்தில் தலை 0.35 மி.மீ., ஆறாம் பருவத்தில் 2.6 மி.மீ. 1.3 என்றால் நான்காம் பருவம். புழு சிறிதாக இருக்கும்போதே பிடித்தால்தான் கட்டுப்படுத்துவது சுலபம் என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஒன்று சொல்ல வேண்டும்: முதல் இரண்டு பருவப் புழுக்களில் இந்தப் புள்ளிகள் தெளிவாக இருப்பதில்லை. குட்டிப் புழுவின் படத்தை வைத்து இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

படங்களை உதவி வேளாண்மை அலுவலரின் கைப்பேசிக்கு அனுப்பினோம். அளவையும் எழுதினோம். எதை, எவ்வளவு, எப்போது தெளிப்பது என்பது அவர் சொல்ல வேண்டியது. எங்கள் வேலை படத்தோடு முடிகிறது. மதியமே பதில் வந்தது. மறுநாள் காலை நேரில் வருவதாகவும், அதுவரை எதுவும் வாங்க வேண்டாம் என்றும்.

மாலையில் மகளை அழைத்துப்போக அவளுடைய அப்பா சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தார். வணக்கம் வைத்தேன். போன வருஷத்து மருந்துக் கணக்கை அவர் ஒருபோதும் என்னிடம் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

“எண்ணிப் பாத்தீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

“நான் இல்லைங்க, உங்க மகதான் எண்ணினா” என்றேன்.

அவள் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். நான் கைப்பையைத் திறந்து என் பக்கத்துப் பார்வைக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்.